கயிற்றுப் பெட்டி போக முடியாத பொதிப்பட்டி

அனுப்புநர்:
செல்வி க. யசோதா,
திட்டமிடல் உதவியாளர் (தகுதிகாண் நிலை),
மேற்பிரிவு லயம், வத்தேகம.

பெறுநர்:
தலைவர்,
மலையக விமானப் பயணிகள் சேவைச் சபை,
கண்டி.

விடயம்: பல்லேகல முனையத்துக்கான பொதிப்பட்டி ஒப்பந்தத்தை ஒத்திவைக்கக் கோருதல்

பெருமதிப்புக்குரிய தலைவர் ஐயா,

1. வெளிநாடு போகிறவர்கள் பல்லேகலவிலேயே பொதிகளை ஒப்படைத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு விமான நிலையம் போகலாம், வருகிறவர்கள் இங்கேயே பெற்றுக்கொள்ளலாம் என்பது நமது சபையின் திட்டம். அதற்காகப் பொதிகளை நகர்த்தும் இயங்குபட்டியை வாங்கத் தாங்கள் வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்திடவுள்ளீர்கள். அதை ஒத்திவைக்க வேண்டுமென்று சபைக் கூட்டத்திலேயே சொல்ல முயன்றேன். நான் கையுயர்த்தியதும் தேநீரோடு வைத்திருந்த மீன் மாலுபாண் தட்டு என் பக்கம் நகர்த்தப்பட்டது. வெட்கத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டேன்.

2. மாதிரிப் பட்டி சென்ற வாரம் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பணிப்பாளர் திரு. சேதுராமன் அவர்கள் ஒரு கடையிலிருந்து சில்லு வைத்த புதிய பயணப் பெட்டிகளை இரவல் வாங்கியிருந்தார். விலைச்சீட்டுக்கூடக் கழற்றப்படாத அந்த வெறும் பெட்டிகள் மிக அழகாக ஓடின. எல்லோரும் கைதட்டினோம். காற்றை ஏற்றுமதி செய்வதானால் இதைவிடச் சிறந்த இயந்திரம் கிடையாது.

3. நமது பயணிகளிற் பலர் வளைகுடாவில் வீட்டுவேலை செய்துவிட்டு, அட்டைப்பெட்டியை நைலோன் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டு வருகிறவர்கள். ஆகவே குவைத்திலிருந்து வந்திருந்த என் அத்தை வேலாயியைப் பெட்டியோடு அந்த ஓட்டத்துக்கே அழைத்துப் போயிருந்தேன். அவர் வந்து பல நாளாகியும் அதைப் பிரிக்கவில்லை. சொந்தக்காரர் எல்லோரும் கூடிய பிறகே வெளிநாட்டுப் பெட்டியைப் பிரிப்பது எங்கள் தோட்ட லயத்து வழக்கம். கடுகண்ணாவையிலிருந்து வரவேண்டிய மாமா இன்னும் வந்து சேரவில்லை.

4. வெறும் பெட்டிகளுக்குப் பிறகு அத்தையின் பெட்டியை ஏற்றினோம். பட்டியின் திருப்பத்தில் கயிற்று நுனி உருளையில் சிக்கியது. பட்டி நிற்காமல் இழுத்தது. பெட்டி கிழிந்து கம்பளியும் பால்மாவும் குளிக்கும் சவர்க்காரமும் அதிகாரிகளின் சப்பாத்துக் கால்களுக்கிடையே உருண்டன. “அடியே யசோதா, கடல் தாண்டி முழுசா வந்த பொட்டிடி! பல்லேகலயில வந்து உசுர விட்டுருச்சே!” என்றார் அத்தை. கயிறு ஏன் கட்டினீர்கள் என்று பணிப்பாளர் கேட்டார். “கயித்த நம்பித்தானுங்க தொர பொட்டியே இருக்கு” என்று பதில் வந்தது. பெட்டி பிரியும் இடத்தில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்பதால், அத்தை ஆளுக்கொரு சவர்க்காரம் கொடுத்தார். பணிப்பாளர் வேண்டாம், வேண்டாம் என்றபடியே இரண்டை எடுத்துக்கொண்டார்.

5. இந்த ஓட்டம் பற்றி இப்போது தங்களுக்கு வரவுள்ள அறிக்கை, எந்தப் பொதிக்கும் சேதமில்லை என்கிறது. அதன் கீழ் என் பெயரும் அச்சாகியுள்ளது. நான் கையெழுத்திடவில்லை. இடாவிட்டால் என் நியமனம் உறுதியாகாது என்று சொல்லப்பட்டுள்ளது. எங்கள் குடும்பத்தில் முதற்பட்டம் என்னுடையது. மேசையில் உட்கார்ந்து பார்க்கும் முதற் கந்தோர் வேலையும் என்னுடையதே. ஆகவே இதை விளையாட்டாக எழுதவில்லை.

6. இந்தப் பட்டி தெரிவானதற்குக் காரணம் இதன் விலை குறைவு என்பதே. ஆனால் வாங்குவது ஒரு நாள், ஓட்டுவது இருபது வருடம். பொதி இல்லாத வேளையிலும் இது ஓடிக்கொண்டேயிருக்கும். நமது கந்தோரில் ஓய்வின்றி உழைப்பது இது ஒன்றாகவே இருக்கும், மின்கட்டணம் நம்முடையது. மோட்டர் சுவருக்குப் பின்னால் வரப்போகிறது; பழுதானால் அதைக் கழற்றச் சுவரை உடைக்க வேண்டும். அந்தச் சுவரை இனித்தான் கட்டப்போகிறோம். உதிரிப்பாகம் எதுவானாலும் விற்றவரிடமே போய் நிற்க வேண்டும். பொதியைத் தனித்தனித் தட்டில் வைத்து அனுப்பும் முறைக்கு முதலில் விலை கூடத்தான். ஆனால் கயிறு உருளையைத் தொடாது, பொதி இல்லாதபோது பட்டி நின்றுவிடும், பாகங்களும் நாட்டிலேயே கிடைக்கும். எல்லாச் செலவையும் கூட்டினால் அதுவே மலிவு. இதை விளக்கியபோது பணிப்பாளர், “இருபது வருஷத்துல நான் பென்ஷன்ல இருப்பேன், பிள்ளை. கயித்துப் பெட்டியத் தடைசெஞ்சாப் போச்சு” என்றார். அப்படியானால் பயணிகளையும் தடைசெய்துவிடலாம்; பட்டி தேயாது.

7. ஆகவே தங்கள் கையெழுத்தை ஒத்திவைத்து, தங்கள் முன்னிலையில் கயிற்றுப் பெட்டிகளை ஏற்றி மீண்டும் ஓட்டிப் பார்க்குமாறும், அந்த அறிக்கையிலிருந்து என் பெயரை நீக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். அத்தை பெட்டியைத் திரும்பவும் கட்டித் தயாராக வைத்திருக்கிறார். தங்களுக்கென்று ஒரு சவர்க்காரமும் உள்ளே இருக்கிறது. அதைத் தயவுசெய்து லஞ்சமாகக் கொள்ள வேண்டாம். பட்டி ஒழுங்காக ஓடினால் பெட்டி பிரியாது, அது தங்கள் கைக்கும் வராது.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,
க. யசோதா

இடம்: வத்தேகம
திகதி: 13.03.2019