மைனாவுக்குச் சுட்ட பிஸ்கட்

நவம்பர் 4

ஓவனில் தட்டை வைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. பாதி வெந்த கேழ்வரகு பிஸ்கட். குப்பைக்குத்தான் என்று நினைத்தேன், மைனா தின்றுவிட்டது. கிழட்டு நாய், பல் பாதி இல்லை, மெத்தென்று இருந்தது வசதியாகப் போயிற்று போல.

இடுப்பு விட்டுப்போகிறது. செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸில் தங்குகிறவர்களுக்கு, தெரு நாய்களுக்குப் போட, உப்பும் சர்க்கரையும் இல்லாத நாய் பிஸ்கட் நாளைக்கே வேண்டுமாம். என் உடம்பை யார் கேட்கிறார்கள்?

நவம்பர் 7

பௌர்ணமிக் கூட்டம் வடிந்தது. கிரிவலம் வந்தவர்கள் போட்டதையெல்லாம் தின்று தெரு நாய்களுக்கு வயிறு சரியில்லை.

"நாய்க்குப் பத்தியம் சமைக்கறவங்க இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் அண்ணி" என்று சரோஜா கிண்டல் செய்கிறாள். என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் போன பிறகு எனக்குத் துணையாக வந்தவள். கேரட் துருவுவாள், மாவு பிசைவாள், வாயும் ஓயாது. அவள் இல்லையென்றால் இந்தத் தொழிலை எப்போதோ மூட்டை கட்டியிருப்பேன்.

நவம்பர் 12

தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு வேண்டிக்கொண்டு நாய்களுக்குப் போட நிறையப் பேர் வாங்கினார்கள். பகலெல்லாம் ஸ்கூட்டியில் அலைச்சல். வேறெதுவும் எழுதத் தெம்பில்லை.

நவம்பர் 13

விடிந்ததிலிருந்து மைனாவுக்கு வாந்தி. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். வாந்தியில் உலர்திராட்சை. டாக்டர் பார்த்ததுமே, "இது நாய்க்கு ஆவாதும்மா, கிட்னியை அடிச்சிடும்" என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றினார்.

எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டில் திராட்சை எப்படி?

வந்து பார்த்தால் பைரவர் படத்துக்கு முன்னால் ஒரு தட்டு பிஸ்கட். வெல்லம், நெய், திராட்சை.

"நேத்து சாமிக்குப் படைச்சேன் அண்ணி" என்றாள் சரோஜா. "சப்புனு எப்படிப் படைக்கறது? அப்புறம் மைனாவுக்குப் போட்டேன், ஜாஸ்தியாவே தின்னுச்சு. டாக்டர் என்னா சொன்னாரு?"

"வயசாயிடுச்சாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 15

மைனா போய்விட்டது.

நவம்பர் 16

கொல்லையில் புதைத்தோம். "கடைசியா என் கையால ருசியா தின்னுட்டுத்தான் போச்சு" என்று சரோஜா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திராட்சை டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். பூச்சி பிடித்துவிட்டது என்று அவளிடம் இன்னொரு பொய்.

சொன்னால் அவள் தாங்க மாட்டாள். சொல்லாமல் என்னால் தாங்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை — இது நியாயமா?

நவம்பர் 20

ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. சரோஜாவின் வாயும் அடங்கிவிட்டது. சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோகிறாள். கீழ்பென்னாத்தூருக்கு, சின்ன அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றாள். சரி என்றுவிட்டேன். போகாதே என்று சொல்லக்கூடச் சலிப்பாக இருந்தது.

நவம்பர் 22

பையோடு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"நான்தானே அண்ணி கொன்னேன்?"

ஆஸ்பத்திரி கம்பவுண்டரைத் திங்கட்கிழமை மார்க்கெட்டில் பார்த்தாளாம். அவர்தான் சொன்னாராம்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை திட்டல? தங்கச்சியா இருந்தா திட்டியிருப்பீங்க இல்ல? நான் அவ்ளோ வேத்து மனுஷியா ஆயிட்டேனா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. கேட்காம எதுக்குடி அதுக்குப் போட்டே, அது என் புள்ளடீ, உன் பக்திய நாய் வயித்துலதான் காட்டணுமா — தெருவே கேட்கும்படி கத்தினேன். திராட்சை ஆகாது என்று முன்னாலேயே சொல்லாத என்னையும் சேர்த்துத்தான் திட்டினேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். பக்கத்து வீட்டு உண்ணாமலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொண்டை கட்டிக்கொண்டது. சரோஜா பையைப் பிரித்துப் புடவைகளை மறுபடி கொடியில் போட்டுவிட்டு வந்து, பசிக்குது அண்ணி என்றாள்.

உலை வைத்திருக்கிறேன்.