எத்தனை மான் என்று கேட்கக் கூடாது

ஜனவரி 9
வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். தூர வடக்கு நாடுகளைப் பற்றிய மாலை வகுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். சேர்ந்தது ஒன்பது பேர். பத்துப் பேர் சேர்ந்து தேர்வில் தேறாவிட்டால் துறையையே மூடிவிடுவார்களாம். அந்தத் துறையைப் பெருக்கித் துடைக்கிற நான், யாரையும் கேட்காமல் பத்தாவதாக என் பெயரை எழுதிவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

ஜனவரி 10
பேராசிரியர் பட்டியலைப் பார்த்தார். வெள்ளைத் தாடி, நான் வைத்த பெயர் பனிக்கரடி. "என்னம்மா இது?" என்றார். "உங்க வேலை போனா என் வேலையும் போகும் சார். கரடிக்குக் குகை வேணாமா?" என்றேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பெயரை அடிக்கவில்லை.

பிப்ரவரி 19
அங்கே மண்ணே உறைந்து கிடக்குமாம். இப்போது அது உருகி வீடுகள் சாய்கின்றன. இது புரிகிறது. வடதுருவத்தைச் சுற்றியுள்ள எட்டு நாடுகளின் பெயர்தான் — ஐந்துக்கு மேல் வாயில் நுழையவில்லை. அங்கே ஆடு மாடு மாதிரி மேய்க்கிற மான் கூட்டம் போகிற வழியில் குறுக்கே எல்லைக்கோடு போட்டவன் எவன்? மானைக் கேட்டானா?

மார்ச் 28
ஐந்துதான்.

ஏப்ரல் 11
நாளை வாய்மொழித் தேர்வு. முதுகுவலியோடு படுத்தபடியே வீட்டுக்காரர் கேள்வி கேட்டார். ஏழு சொன்னேன். எட்டாவது வரவில்லை. அழுதுவிட்டேன். "ஏன்டி, அந்த நாடா உனக்குச் சோறு போடுது?" என்றார். ஆமாங்க, அதுதான் போடுது! உங்க மருந்தும் அதுதான்! ஐயோ, எதுக்குப் பேரை எழுதினேன்? சும்மா விட்டிருந்தா அவங்களா மூடியிருப்பாங்க. இப்போ என்னாலதான் மூடினாங்கன்னு ஆகும்.

ஏப்ரல் 12
எட்டாவது நாடு வரவேயில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கடைசியாகக் கேட்டார்: "மான் மேய்க்கிறவர்கிட்ட, எத்தனை மான் வச்சிருக்கீங்கன்னு கேட்கலாமா?"
"மேடம், உங்க சம்பளம் எவ்வளவு?" என்றேன்.
அவர் முகம் சிவந்தது. "அதெல்லாமா கேப்பாங்க?"
"அதேதான் மேடம். அவங்களுக்கு மான்தான் சொத்து. எண்ணிக்கை கேட்டா மரியாதை இல்ல."
பனிக்கரடி குனிந்து மேசைக்கடியில் பேனாவைத் தேடினார். பேனா கையில்தான் இருந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. இந்த வாய்த்துடுக்கு எல்லார் பிழைப்பையும் கெடுத்துவிட்டதோ?

ஏப்ரல் 30
அடுத்த ஆண்டு வகுப்புக்கான அறிவிப்பை நானே பலகையில் ஒட்டினேன். பிறகு பத்துப் பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை ஒரு கையில் பிடித்தபடி தாழ்வாரத்தைத் துடைத்தேன். வாளிக்குள் விழுந்துவிட்டது. இப்போது கொடியில், வீட்டுக்காரர் பனியனுக்குப் பக்கத்தில், கிளிப் போட்டுக் காய்கிறது. பெயர் கரைந்துவிட்டது. முத்திரை தெரிகிறது.