மாடிமேல் நின்ற தண்ணீர்

புகைவண்டி வந்துவிட்டதுடா. ரயில் இல்லை, கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி. இன்று காலை விடுதி வாசலில் நின்று, காது கிழிகிற சத்தத்தோடு வெள்ளைவெளேரென்று ஊதித் தள்ளியது. டீசல் நெடியும் மருந்து நெடியும் கலந்து நம் அறைக்குள் ஏறி, உன் கட்டில்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயின. அந்தக் கட்டிலில் இப்போது யாரும் இல்லை. புதுப் பையன் ஒருவனை அனுப்பினார்கள். விஷயம் தெரிந்ததும் வேறு அறை கேட்டுப் போய்விட்டான். நாளைக்கு ஆய்வுக் குழு வருகிறதாம், நம் கல்லூரிக்குத் தரம் போட. அதற்குத்தான் இந்தப் புகை. போன வருஷம் நீ கேட்டு வராதது, இந்த வருஷம் விருந்தாளிக்காக வந்திருக்கிறது. இருமிக்கொண்டே உன்னை நினைத்தேன். இருமும்போது கண்ணில் நீர் வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அது ஒரு சௌகரியம்.

முதல் நாள் நாம் பேசியது ஞாபகம் இருக்கிறதா? நான் கதவைத் தட்டி, "ஜல்தி வாடா, மெஸ்ல ராஜ்மா கதம் ஆயிடும்" என்றேன். சீக்கிரம் வா, ராஜ்மாப் பயறு தீர்ந்துவிடும் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. நீ பெட்டியைத் திறந்தது திறந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"ஏலே, நீ இப்ப பேசுனதுல தமிழ் எந்தப் பக்கம்ல இருந்துச்சு?"

நான் இந்தத் தலைநகரில், லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் தமிழ் படித்தேன். தெருவில் ஹிந்தி படித்தேன். இரண்டையும் கலந்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன். நீ திருநெல்வேலியிலிருந்து நுழைவுத் தேர்வு எழுதி வந்தவன். வகுப்பில் நாங்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் கிடைக்காமல் சிவிலில் விழுந்தவர்கள். நீ ஒருவன்தான் கேட்டு வாங்கி வந்தவன். சிவிலுக்குத் தமிழில் குடிசார் பொறியியல் என்று நீ சொன்னபோது, "அப்போ நாம கட்டப்போறது ஒயின் ஷாப்பா?" என்று கேட்டேன். தலையணையால் அடித்தாய். அடித்துவிட்டு, "குடின்னா ஜனம்ல. ஜனம் இருக்கிறதுக்குக் கட்டணும்" என்றாய். அப்போது எனக்கு அது மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. கை தட்டினேன்.

இரண்டாம் வருஷம் ஆரம்பித்த மழைக்காலத்தில், நம் விடுதியை ஒட்டிப் புது விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. கான்கிரீட் பாடம் எடுத்த பேராசிரியர் நம் வகுப்பையே அங்கே கூட்டிப்போனார். அன்றைக்கு முந்தின நாள்தான் முதல் மாடித் தளம் போட்டிருந்தார்கள். போட்ட கான்கிரீட் காய்ந்துவிடாமல் ஈரத்தோடு இறுக வேண்டும். அதற்காகத் தளத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, சிமென்ட் கலவையால் வரப்பு வைத்துத் தண்ணீர் நிறுத்துவார்கள். கொத்தனார்கள் அதைப் பாத்தி கட்டுவது என்பார்கள். புத்தகம் அதற்குக் கியூரிங் என்கிறது. "பச்சா ஹை, பானி பிலாவோ" என்றார் பேராசிரியர். குழந்தை, தண்ணீர் கொடுங்கள் என்று. வரப்பை நாம்தான் கட்டினோம். என் வரப்பு கோணிக்கொண்டு போனது. உன்னுடையது நூல் பிடித்த மாதிரி இருந்தது. குழாயைத் திறந்துவிட்டதும் நீ காகிதக் கப்பல் விட்டாய். முதன்முதலாக நம் கை பட்ட கட்டடம் அது. கீழே இறங்கும்போது நடையே மாறியிருந்தது நமக்கு.

அப்புறம் கல்லூரிக்கும் காண்ட்ராக்டருக்கும் சண்டை வந்தது. ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். தண்ணீரைத் திறந்துவிடுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. மழை வந்து பாத்தியை நிரப்பிக்கொண்டே இருந்தது. நம் ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே அந்தத் தளம். தண்ணீர் முதலில் வானத்தைக் காட்டியது, பிறகு பச்சையாகி எதையும் காட்டாமல் கிடந்தது.

இதில் ஒன்றை நீயும் நானும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சரித்திரம் படிக்கிறவன் பார்த்திருந்தால் தேங்கின தண்ணீர் என்று சொல்லியிருப்பான். வணிகம் படிக்கிறவன் மூக்கைப் பிடித்திருப்பான். நம் வகுப்பு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்து, "கியூரிங் நடக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது. எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு பலம் என்று படித்த கண்ணுக்கு அழுக்குத் தண்ணீரே தெரியவில்லை. இந்த செமஸ்டர் பரீட்சையில் கூட, கியூரிங்கின் நன்மைகளை எழுதுக என்று கேட்டிருந்தார்கள். பலம் கூடும், விரிசல் குறையும், ஆயுள் நீளும் என்று எழுதினேன். முழு மதிப்பெண் கொடுத்தார்கள். திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

நீ மட்டும் சீக்கிரமே விழித்துக்கொண்டாய். கைமுட்டியைச் சொறிந்துகொண்டே ஜன்னலில் நின்று, "ஏலே, கியூரிங்லாம் எப்பவோ முடிஞ்சி போச்சு. இப்ப அங்கன நடக்கது கொசுப் பண்ணை" என்றாய். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்கிற இளநிலைப் பொறியாளர், எல்லோரும் ஜே.இ. என்கிறவர், அவரிடம் இருவரும் போனோம். அவர் டீயைக் கீழே வைக்காமலே, "கியூரிங் சல் ரஹா ஹை, பேட்டா" என்றார். கியூரிங் நடந்துகொண்டிருக்கிறது, மகனே. திரும்பி வரும்போது நீ சொன்னாய்: "புள்ள வளந்து காலேஜுக்கே போயிட்டு. இவரு இன்னும் பால் குடுத்துக்கிட்டு இருக்காரு."

சிரித்தோம். சிரித்தால் வேலை நடக்கும் என்று அப்போது எனக்கு நம்பிக்கை இருந்தது. அட்டை ஒன்றை வாங்கி, ஹிந்தியில் கொட்டை எழுத்தில், "நீச்சல் குளம். உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று எழுதி, உன் பழைய துண்டோடு சேர்த்து அந்த கேட்டில் கட்டினேன். விடுதியே வந்து நின்று படம் எடுத்துக்கொண்டது. மறுநாள் அட்டையையும் துண்டையும் காணோம்.

"போர்டத் தூக்கிட்டானுவ, தண்ணிய விட்டுட்டானுவ. துண்டு போனதுதான் மிச்சம்" என்றாய்.

அதற்கப்புறம் நீ சிரிக்கவில்லை. ஒருநாள் மதியம், எல்லோரும் மெஸ்ஸில் இருந்தபோது, கேட் ஏறிக் குதித்து மாடிக்குப் போய் வரப்பை உதைத்தாய். நாம் கட்டினதையே நீ உடைத்தாய். ஒரு பாத்தி வடிந்தது. அடுத்ததற்குக் கால் தூக்குவதற்குள் காவலாளி பிடித்துக்கொண்டான். அலுவலகத்தில் உன்னை நிறுத்தி வைத்து ஜே.இ. கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. "சிவில் ஸ்டூடண்ட் ஹோ கே கியூரிங் தோட்தே ஹோ?" சிவில் படித்துக்கொண்டு கியூரிங்கை உடைக்கிறாயா? நம் பேராசிரியரும் அங்கேதான் நின்றார். தண்ணீர் கொடுங்கள் என்று சொன்ன வாய்க்கு, போதும் என்று சொல்ல வரவில்லை. அன்று மாலையே கொத்தனார் ஒருவரை வரவழைத்து உடைந்த வரப்பைப் பூசினார்கள். குழாயைப் போட்டு மறுபடி நிரப்பினார்கள். நாம் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

"நம்மளத் தண்ணி தெளிச்சு விட்டுட்டானுவல" என்றாய். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

தீபாவளிக்குக் கடைத்தெருவில் சர விளக்குப் போட ஆரம்பித்த வாரம் உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு லேப் போனாய். அடுத்த நாள் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா லோதி ரோட்டிலிருந்து பஸ் பிடித்து, பப்பாளி இலைச் சாறு எடுத்து வந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாய்.

"அம்மா, இத எனக்குக் குடுக்கதுக்கு அந்தக் கொசுவுக்குக் குடுத்திருக்கலாம். அப்பவே செத்திருக்கும்."

"வாயப் பாரு" என்று அம்மா உன் தலையில் தட்டினாள். தட்டின கையை எடுக்காமல் வைத்திருந்தாள். நெருப்பாகச் சுட்டதாம், பிறகு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். உன்னோடு படுத்திருந்த பெரியவருக்கும் அதே காய்ச்சல். ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் உன் அப்பா, போனில் என்னிடம் ரத்தத் தட்டணு எவ்வளவு என்று மட்டும் கேட்பார். நான் சொன்னதும், சரியாகப் பார்த்து இன்னொரு முறை சொல்லச் சொல்வார். அதிலிருந்துதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. அவர் கிளம்பி வந்து சேர்ந்தபோது நீ கண் திறந்து பார்த்தாய். அதற்கு முன்னால், நாம் இருவர் மட்டும் இருந்தபோது, என்னிடம் ஒன்று கேட்டாய்.

"வடிச்சுட்டானுவளா?"

"வடிச்சுட்டாங்க. நேத்திக்கே எல்லாத்தையும் உடைச்சு விட்டுட்டாங்க. தளம் காஞ்சு கெடக்கு."

நீ உதட்டோரம் சிரித்தாய். "ஏலே, பொய் சொல்லும்போது மட்டும் உனக்கு ஹிந்தி கலக்காம வருது."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது.

இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உன் படத்துக்கு மாலை. ஒரு வருங்காலப் பொறியாளரை நாடு இழந்துவிட்டது என்றார் கல்லூரி இயக்குநர். எதனால் இழந்தது என்று சொல்லவில்லை. பருவநிலை என்று பொதுவாக ஒன்றைச் சொன்னார். ஜே.இ. இரண்டாம் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். அந்த அமைதியில் பட்டென்று ஒரு சத்தம். யாரோ கையில் கொசுவை அடித்தார்கள். அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் அடக்க முடியாமல் வெளியே ஓடியிருப்போம். நான் மட்டும் நின்றேன்.

உன் சாமான்களை எடுத்துப்போக உன் அப்பா மறுபடியும் வந்தார். நான்தான் பெட்டி கட்டிக் கொடுத்தேன். வரைபலகை, அளவுகோல்கள், அவர் அனுப்பி வைத்து நீ பிரிக்காமலே விட்ட நிலவேம்புப் பொட்டலம். எல்லாம் முடிந்ததும் காற்று வேண்டும் என்று ஜன்னலருகே போய் நின்றார். கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, அது என்ன, மாடிமேல அவ்வளவு தண்ணி நிக்குது?"

"அது வந்து... கான்கிரீட் போட்டா தண்ணி நிறுத்துவாங்க, மாமா."

"எதுக்கு?"

"அப்பத்தான் பலமாகும்."

அவர் தலையாட்டினார். அவருக்குப் புரிந்ததா, எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பலமாயிட்டா?"

"ஆயிடுச்சு, மாமா."

அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்த கையோடு அந்த கேட்டுக்குப் போனேன். ஏறிக் குதிக்க வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் காவலாளி சாவியை எடுத்துத் திறந்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒவ்வொரு பாத்தியாக உதைத்தேன். நீ கட்டின வரப்புதான் கடைசிவரை உடையாமல் நின்றது. கல் எடுத்து உடைத்தேன். பச்சைத் தண்ணீர் விளிம்பு தாண்டி, சுவரோடு வழிந்து இறங்கியது. அலுவலக ஜன்னலில் ஜே.இ. தெரிந்தார். கத்தவில்லை. யாரும் பூச வரவில்லை. அதை உடைக்க அனுமதி கிடைப்பதற்கு ஓர் ஆள் சாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் இங்கேயே துவாரகா பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டட வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கம்பி எவ்வளவு, கலவை எவ்வளவு என்று கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். நான் தளத்துக்குத் தளம் ஏறி, இந்தப் பாத்தியை எந்தத் தேதியில் திறப்பீர்கள், திறக்கப்போவது யார், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மேற்பார்வையாளருக்கு முதல் வாரம் எரிச்சல். இரண்டாம் வாரம் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்: மச்சர் இன்ஜினியர். மச்சர் என்றால் ஹிந்தியில் கொசு. மச்சக்காரன் என்று தமிழில் நானே மாற்றிக்கொண்டேன். அதே அறை, அதே ஜன்னல். என்னைக் கடிக்காமல் உன்னைக் கடித்தது என்றால் வேறென்ன சொல்வது? இதைச் சொல்லிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. இந்தச் சிலேடைக்குத் தலையணையால் அடிக்கிறவன் நீ ஒருவன்தான்.

உனக்கு இனி இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தெரியும். ஆனாலும் நான் படியேறுகிற சத்தம் கேட்டதும் மேலேயிருந்து ஒரு குரல் வரும்: "மச்சர் இன்ஜினியர் ஆ கயா! பானி கோலோ, பானி கோலோ!" கொசு வந்துவிட்டான், தண்ணீரைத் திறந்துவிடு என்று. எல்லோரும் சிரிப்பார்கள்.

கேலிதான். ஆனால் திறக்கிறார்கள்.