கொலுவுக்கு மேலே ஒரு பலகை

24 செப்டம்பர் 2008, புதன்

ரூட்டர் வந்துவிட்டது. ஹாலில் போன் பக்கத்து ஸ்டூலில் வைத்து நானே மாட்டினேன். உள் அறையில் இருக்கும் என் கம்ப்யூட்டருக்கு இனி ஹாலைத் தாண்டி வயர் ஓடாது. போன வாரம் அந்த வயர் தடுக்கித்தான் அடுத்த வீட்டு மைதிலி விழுந்தாள். சிக்னல் நாலு கோடு. பாஸ்வேர்டு போட்டது மகள் வர்ஷினி. என்னவென்று தமிழில் கேட்டால் "செப்பனு" என்று தெலுங்கில் பதில், சொல்லமாட்டாளாம், திமிர்.

இவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "வயர் இல்லாம எப்படி வேதா வரும்?" லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் ரயில் பெட்டிக்கு வயர் இழுக்கிறவர். அவரிடம் என்னத்தைச் சொல்ல.

26, வெள்ளி

கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அமெரிக்க டாக்டர்கள் பேசியதைக் கேட்டு டைப் அடித்து நான் நேரத்துக்கு அனுப்புகிறேனா என்று அக்டோபர் பத்து வரை பார்ப்பார்களாம். இல்லையென்றால் வீட்டிலிருந்து வேலை கிடையாது. கொண்டாப்பூர் ஆபீசில் ராத்திரி ஷிப்ட். அதற்கு இவர் விடமாட்டார். வர்ஷினியை விட்டுவிட்டு என்னாலும் முடியாது. ஆக, வேலையே போய்விடும்.

எனக்கு இந்த வேலை வேணும். அவ்வளவுதான்.

29, திங்கள்

அமாவாசை. கொலுப்படி கட்டியாயிற்று. கடையில் படி வாங்கலாம் என்றால், "நக்கோ, நான் இருக்கேன்ல" என்று இந்த ஊர் இந்தியில் மறுத்துவிட்டு, கட்டிலுக்கடியில் கிடந்ததையெல்லாம் இழுத்து, ஹாலில் உள் அறைச் சுவரை ஒட்டி அடுக்கினார். வேட்டி விரித்த பிறகு அம்சமாகத்தான் இருக்கிறது.

30, செவ்வாய்

நெட் இல்லை. ஒரு கோடு. வருது, போகுது.

1 அக்டோபர், புதன்

ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். சேனல் மாற்றினேன். மைதிலி வீட்டில் யாரோ நெட்டைத் திருடுகிறார்கள் என்று நினைத்துப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். பாவம், அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

ஒரு ஃபைல் லேட். இன்னொன்று லேட்டானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சூப்பர்வைசர் சுபாஸ்ரீ மெயில் போட்டுவிட்டாள். பழைய வயரை இழுக்கலாமென்றால், கொலு பார்க்க ஹால் நிறையப் பெண்கள்.

"எதுக்கு இந்த அவஸ்தை? விட்டுடேன்" என்கிறார் இவர். விடுறதாம்! அவரை யாராவது ஒர்க்‌ஷாப்பை விடச் சொன்னார்களா? சுண்டல் தாளித்தேன். மிளகாய் கருகிவிட்டது.

3, வெள்ளி

ரூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டேன். ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சிக்னலை மறிக்கிற மாதிரி இரும்பு பீரோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, கொலுதான் இருக்கு என்றேன். சொல்லிக்கொண்டே வேட்டி நுனியைத் தூக்கிப் பார்த்தேன். ட்ரங்குப் பெட்டிகள், எண்ணெய் டின், அரிசி டிரம். எல்லாம் இரும்பு, தகரம். பீரோ தேவலை!

கலைக்கவும் முடியாது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிற வரை படியை அசைக்கக் கூடாது.

சண்டைக்குத் தயாராகத்தான் இவரிடம் சொன்னேன். அவரும் படியில் வேட்டி நுனியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வெளியே போய் நீளமான போன் வயர் வாங்கி வந்து, சுவரோரமாக ஆணி அடித்துக் கொண்டுபோய், ரூட்டரை மேல்படியில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கோடு எத்தனை?"

"அஞ்சு."

5, ஞாயிறு

மைதிலி ரூட்டருக்கும் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். துடைக்கவில்லை. ஃபைல் எல்லாம் நேரத்துக்குப் போகிறது.

10, வெள்ளி

காலையில் கொலுவைப் பிரித்தோம். ட்ரங்குகள் கட்டிலுக்கடியில் போய்விட்டன. ரூட்டர் இனி ஸ்டூலிலேயே இருக்கலாம் என்றேன். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேல்படி இருந்த உயரத்துக்கும் மேலே சுவரில் துளை போட்டுப் பலகை அடித்தார். கம்பெனியிலிருந்து அதுவரை ஒரு தகவலும் இல்லை.

"கைக்கு?" என்றேன், எதுக்கு என்பதை அவர் இந்தியிலேயே.

"அடுத்த வருஷமும் கொலு வைப்போம்ல. அப்பவும் நீ வேலை பார்க்கணுமே."

சாயங்காலம் மெயில் வந்தது. வீட்டிலிருந்தே தொடரலாமாம்.

பலகை கொஞ்சம் கோணல். நான் சொல்லவில்லை.