செத்தவீட்டில் சொல்லிக்கொண்டது

சனிக்கிழமை.

வங்கி மனேஜர் வேலையை விட்டுவிட்டு என் கணவர் நகரசபைத் தேர்தலில் நிற்கிறார். போன கிழமை வேலி வேலியாக இவருடைய படத்தைக் கட்டித் திரிந்த செல்வன் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். இன்று கிரவீன் பகுதியில் செத்தவீடு. இவர் வங்கியில் செய்ததுபோலவே எல்லோருக்கும் கைகொடுத்தார். செத்தவீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. இவரோ வாசலில் நின்று செல்வன் அண்ணையின் மனைவியிடம், "போயிட்டு வாறன் அக்கா" என்றார்.

அக்கா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இனி ஆருடைய செத்தவீட்டுக்கு வரப்போறீங்கள், தம்பி?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். காரில் ஏறியதும் வருத்தப்படுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த வீட்டு வோட்டு இனி எங்களுக்கு விழாது" என்றார்.

என்னுடைய வோட்டைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை.