கோவிந்தா சொன்னால் நிற்கும் வண்டி

நண்பா,

சலவையிலிருந்து வந்த பிறகும் என் ஆரஞ்சு மேல்சட்டையில் விமான எண்ணெய் வாடை போகவில்லை. முகர்ந்ததும் உன் ஞாபகம். நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், திருப்பதிக்கு வந்து விமானத்தைப் பின்னால் தள்ளும் டிராக்டருக்கு டிரைவர் ஆனாய். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் உன் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

நான் அப்போது இறக்கை நுனியோடு நடந்து வருபவன். இறக்கை எதிலாவது முட்டப்போனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்குவேன். நீ நிறுத்த வேண்டும். ஆனால் நம் ஊரில் விமானம் ஏற நடந்துபோகும் பக்தர்களும் மலையைக் கண்டதும் தலைக்கு மேல் கையெடுத்து "கோவிந்தா!" என்பார்கள். அதற்கும் நீ சடக்கென்று பிரேக் போடுவாய்.

மேலதிகாரி ஒருநாள் பொரிந்துவிட்டார். "ஏமய்யா, கோவிந்தான்னா பிளேனை நிறுத்துவியா? இன்னொரு தபா நின்னா சாவியக் குடுத்துட்டு மூட்டை தூக்கப் போ!"

உன் முகம் சுண்டிப்போனது. பார்த்து நிறுத்துடா என்று கெஞ்சினேன்.

"கை மேல போனா நிறுத்துவேன். யாரு கைன்னு அப்பறமா பாத்துக்கலாம்" என்றாய். பிடிவாதக்காரப் பயல்!

மறுநாளே எனக்குப் பின்னால் ஒரு கூட்டம் மலையைப் பார்த்துக் கை தூக்கியது. அந்த நேரம் பார்த்து, காற்றில் உருண்டு வந்த ஏணி வண்டியொன்று இறக்கைக்குப் பின்னால் நின்றது. நானும் தூக்கினேன். அத்தனை கைகளில் என் கை உனக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் டிராக்டர் உன் கையைவிட்டுப் போய்விடும் என்று மட்டும் தெரியும். நிறுத்திவிட்டாய்.

மேலதிகாரி திட்டிக்கொண்டே ஓடி வந்தார். இறக்கைக்கும் ஏணிக்கும் நடுவே ஒரு சாண் இடம். அவரே மலைப்பக்கம் திரும்பிக் கைகளைத் தூக்கிவிட்டார். ஏணியைத் தள்ளிய பிறகும் நீ நகரவில்லை.

"கைய எறக்கு சார், அப்பத்தான் வண்டி நவுரும்!"

அவரும் சேர்ந்துதான் சிரித்தார். சாவி கடைசிவரை உன்னிடமே இருந்தது.

இப்போது அந்த டிராக்டரை நான் ஓட்டுகிறேன். யார் கை தூக்கினாலும் நிறுத்துகிறேன். பையன்கள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நகரியில் உன்னைத் தூக்கிப்போன அன்று, பாடையின் முன்னால் தோள் கொடுத்தவன் நான்தான். தெருமுனையில் உன் தெருக்காரர்கள் தலைக்கு மேல் கையெடுத்து "கோவிந்தா, கோவிந்தா" என்றார்கள். என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் என் முதுகில் முட்டிக்கொண்டு, "ஏன்டா நின்னுக்கினு கீற? நடடா!" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கைகள் இறங்கும்வரை நான் உன்னை நகர்த்தவில்லை.