ஸ்நேஹாவின் ஆறு மாதம்

புனே
22.8.2004

சிரஞ்சீவி பத்ரிக்கு அப்பாவின் ஆசிகள். அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பத்து நாளாக மழை விடவில்லை, துணி எதுவும் காயவில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ கோபித்துக்கொள்வாய், எனக்கும் பேச்சு வராது, அதனால்தான் கடிதம். நீ சொன்ன வேலையை நான் செய்யவில்லை. செய்யத்தான் போனேன், ஏன் செய்யாமல் வந்தேன் என்று எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா பார்க்கிறேன்.

ஸ்நேஹா உன்னிடம் வருவதற்கான விசா ஒட்டிய பாஸ்போர்ட் போன திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கே நீ போன் செய்து, அவ வாயத் தொறந்து சொல்ல மாட்டாப்பா, நீங்களே அந்த டான்ஸ் எடத்துக்குப் போயி அவ நின்னுக்கறான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்கோ என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணமான இருபதாம் நாள் நீ விமானம் ஏறினாய், எட்டு மாதமாக அந்தப் பெண் ஹிஞ்சேவாடி கம்ப்யூட்டர் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவும், ஆம்படையான் அங்க தனியா சமைச்சுண்டு இருக்கான், இவ இங்க ஆடிண்டிருந்தா நாலு பேர் என்ன சொல்லுவா என்றாள். ஆகவே வியாழக்கிழமை ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிர்க்கியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கார்வே ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னால் பழைய கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து மரத்தரை போட்டிருக்கிறார்கள், அதுதான் இடம்.

நீ கேட்டபோதெல்லாம் ஏதோ டான்ஸ் கிளாஸ் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது கிளாஸே இல்லையாம். புதிதாக மேடைக்கு வருகிற கலைஞர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் ஒத்திகைக்கு இடம் கொடுத்து, ஆளுக்கொரு வழிகாட்டியையும் வைத்து, ஜனவரியில் அவரவர் சொந்தமாகச் செய்ததை மேடையேற்றுகிறார்களாம். நூற்று முப்பது பேர் மனுப் போட்டதில் தேர்வான ஆறு பேரில் நம் ஸ்நேஹா ஒருத்தி. இது உனக்குத் தெரியுமா? எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் போனபோது ஒரு எலும்பு டாக்டர் உட்கார்ந்து அவர்களுக்கு முட்டியை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று சொல்லிக்கொண்டிருந்தார், முந்தின வாரம் ஒரு வக்கீல் வந்து ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது என்று சொன்னாராம். ஆட்டத்துக்கும் வக்கீலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ஸ்நேஹாவின் வழிகாட்டி வனஜா என்று ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், பெங்களூர்த் தமிழ். நீங்கள்தான் அவளுடைய குருவா என்றதற்கு, இல்ல சார், நான் எதுவும் கத்துக்குடுக்கறதில்ல என்றார். பிறகு உங்கள் வேலை என்ன என்றேன். அவ எங்க நிறுத்தறாளோ, அங்க ஏன் நிறுத்தினேன்னு கேக்கறதுதான் என் வேலை என்றார். முப்பத்தோரு வருஷம் ஃபாக்டரியில் அப்ரென்டிஸ்களைப் பார்த்தவன் நான், வேலை தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், இதென்ன ஏற்பாடு என்று புரியவேயில்லை.

கடிதத்தை எடுப்பதற்குள் ஸ்நேஹாவின் முறை வந்துவிட்டது. சலங்கை இல்லை, பாட்டு இல்லை, சல்வாரோடு வெறும் காலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. துணி உலர்த்துகிறாள், கதவைத் திறக்கிறாள், மூடுகிறாள். பிறகு போன் மணிக்குத் திரும்புகிற மாதிரி சட்டென்று திரும்பி, எடுக்காமல், யாரோ இரண்டு பேர் பேசி முடிக்கட்டும் என்று சுவரோரம் நிற்கிறாள். அவர்கள் கொடுத்ததும் காதில் வைக்கிறாள், வாயைத் திறக்கிறாள், அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அதோடு நின்றுவிட்டாள். பத்ரி, ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தால் நானும் அம்மாவும் கால் மணி நேரம் பேசிவிட்டுக் கடைசி மூன்று நிமிஷம் அவளுக்குக் கொடுக்கிறோம். எட்டு மாதமாக இது என் கண்ணில் படவில்லை. எங்கள்மேல் குறை சொல்கிறாளா, இல்லை வேறேதாவதா, கோபப்படுவதா வெட்கப்படுவதா, ஒன்றும் விளங்கவில்லை.

அப்புறம், நான் வந்த விஷயத்தை வனஜாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. முந்தாநாளே அவளே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அதுல வீட்டுக்காரர் சொன்னார், மாமியார் சொன்னார், மாமனார் சொன்னார்னு இருந்தது சார், அவ சொன்னது ஒரு வரிகூட இல்ல, போறதுன்னா தாராளமா போ, ஆனா நீ சொல்றதா எழுதிக் கொண்டுவான்னு திருப்பிக் குடுத்துட்டேன் என்றார். அதற்குப் பிறகு என் கடிதத்தை நான் எப்படி நீட்டுவது?

திரும்பும்போது ஆட்டோவில் ஸ்நேஹாவிடம் கேட்டேன், அதில் வருவது நாங்கள்தானா என்று. பாவம், முகம் வெளுத்துவிட்டது. இல்லப்பா, மத்லப், அதாவது உங்கமேல தப்பு சொல்லல, காத்துண்டு இருக்கறது எப்படி இருக்கும்னுதான் பண்ணேன், முடிவு இன்னும் எனக்கே தெரியல என்றாள். உனக்கு என்னதான் வேண்டும் என்றேன். எனக்கு அவரும் வேணும், இதுவும் வேணும், எது ஒண்ணச் சொன்னாலும் பாதி பொய்யாயிடும்பா என்றாள். சிவாஜி நகர் சிக்னலில் ஆட்டோ நின்றது. பிறகு அவளேதான், தயங்காமல், ஜனவரி முடிச்சுட்டுப் போறேன், அவர்கிட்ட நானே கேக்கறேன் என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உன் பெண்டாட்டிக்கு நான் சரி சொல்ல யார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் ஸ்நேஹாவைச் சமையலறைக்கு அழைத்து அந்தத் துணி உலர்த்துவதைச் செய்துகாட்டச் சொல்லி, பார்த்துவிட்டு, நான் புடவைய உதறறப்போ தோள் இப்படியா போறது, இன்னும் மேல தூக்கு என்று திருத்தினாள். அது சம்மதமா என்று எனக்குத் தெரியாது, நீயே கேட்டுக்கொள். நீ கோபப்படுவதானால் என்மேல் படு, அவளிடம் காட்டாதே. அவள் பேசுகிறபோது குறுக்கே பேசாமல் கடைசிவரை கேள். அந்த ஊரில் குளிர் ஆரம்பித்தால் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஊறுகாயை ஈரக் கரண்டியால் எடுக்காதே.

எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் ஜனவரி கடைசியில் லீவு கேட்டு வை. ஒவ்வொரு கலைஞர் வீட்டுக்கும் முன் வரிசையில் இரண்டே இடம் ஒதுக்குகிறார்களாம், ஒன்றுக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். மற்றது எனக்கா அம்மாவுக்கா என்பதுதான் இங்கே இரண்டு நாளாக வழக்கு.

இப்படிக்கு உன் அப்பா,
சந்திரமௌலி